ஜாவா மாஸ் கழன்று மிதந்தது: எனக்குப் பலித்த வழி

மீன்தொட்டியில் மரக்கட்டையோடு கட்டிய ஜாவா மாஸ் (நீருக்குள் வளரும் ஒரு சிறு அலங்காரச் செடி) பார்வைக்குப் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் கொத்துக் கொத்தாகக் கழன்று மிதந்தது. வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கை 10 மணி நேரம் எரியவிட்டேன். மாஸ் மேல் நூல்பாசி படர்ந்ததுதான் மிச்சம். திரவ உரம் ஊற்றினேன், அதுவும் நூல்பாசிக்கே விருந்து.

மிதந்த கொத்து ஒன்றை விரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மேலே மெல்லிய பச்சை அடுக்கு, அடியில் முழுக்கப் பழுப்பு. இடுக்கெல்லாம் மீன் கழிவும் தீனித் துகளும் சேறாக அப்பியிருந்தன. மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது; இலை வழியேதான் சத்தை எடுக்கும். அடியில் வெளிச்சமும் இல்லை, நீரோட்டமும் இல்லை. கட்டையைப் பற்ற வேண்டிய பகுதியே அழுகினால் எப்படி நிற்கும்?

பழுப்பை வெட்டி எறிந்தேன். பச்சை நுனிகளைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, கட்டை அங்கங்கே தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்பி நூலால் சுற்றினேன். (பருத்தி நூல் சீக்கிரம் மக்கிவிடும், நைலான் மேல்.) ஃபில்டரின் நீர்வரத்தை அந்தப் பக்கம் திருப்பி, விளக்கை 7 மணி நேரமாகக் குறைத்தேன். இளம்பச்சையில் புதுத் துளிர் வந்தது. கட்டையை அசைத்தாலும் கழலவில்லை. நீண்டால் கத்தரித்துவிடுகிறேன், வெட்டிய இடத்தருகே கிளைத்து அடர்கிறது.