நீலகிரி ஈரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார்: பழுது பார்ப்பதும் வயரிங் செய்வதும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வரும் பழுதுகளில் பிக்கப்பே (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் காந்தச் சுருள்) கெட்டுப்போவது அரிது. காற்றிலுள்ள ஈரம் செம்பிலும் பித்தளையிலும் களிம்பு ஏற்றுவதும் மரத்தை ஊதச் செய்வதும்தான் இங்கே முதன்மைக் காரணங்கள். ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டிப் பக்கத்தை நனைத்து ஓய்ந்ததும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே புதிய பாகம் எதையும் வாங்குவதற்கு முன்பு, இருக்கும் பாகங்களை ஒழுங்காகச் சோதிக்கக் கற்றுக்கொள்வதே இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம் என்பது என் உறுதியான கருத்து.

சத்தம் விட்டுவிட்டு வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிளில் குறையில்லை என்று உறுதியானபின், கிட்டாரில் கேபிள் செருகும் ஜாக்கைக் கழற்றுங்கள். 6.35 மி.மீ. ஜாக்கில், பிளக்கின் நுனியைப் பிடிக்கும் வளைந்த நாக்கு ஒன்றும், பிளக்கின் உடலைத் தொடும் வளையம் ஒன்றும் உள்ளன. நாக்கின் உள்வளைவை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு மழைக்காலத்தைப் பார்த்த ஜாக்கில் அந்த இடம் மங்கிக் கறுத்திருக்கும்; ஓரங்களில் பச்சைப் பொட்டுகள் படிந்திருக்கும்; பிளக் உரசும் இடத்தில் மட்டும் மயிரிழை அகலத்துக்குப் பளபளப்பான கோடு ஒன்று தெரியும். கிட்டாரின் ஒலி முழுவதும் அந்தக் கோட்டின் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் நாக்கையும் வளையத்தையும் துடைத்து, பிடிவாதமான கறையைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து எடுங்கள். உப்புத்தாள் மேல்பூச்சை உரித்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. பிறகு நாக்கைச் சற்றே உள்நோக்கி வளைத்துவிட்டால் பிளக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று இரைந்தால், அதன் அடியிலுள்ள இடைவெளி வழியாகக் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு பீய்ச்சி, குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பலமுறை திருப்பினால் போதும். தையல் எந்திர எண்ணெயைப் பயன்படுத்த வேண்டாம். அது தூசியைச் சேர்த்துக்கொண்டு மேலும் கெடுக்கும்.

அடுத்தது மல்டிமீட்டர். கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுவதும் திறந்து, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் சுமார் 5.5 முதல் 7 வரையும், இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பெரும்பாலும் 7 முதல் 9 வரையும் காட்டும். சுழியம் காட்டினால் ஒலிக்கம்பி எங்கோ எர்த்தைத் தொடுகிறது. ஜாக் சுழன்று அதன் நாக்கு, பாகங்கள் அமர்ந்திருக்கும் குழியின் சுவரில் இரைச்சலைக் குறைக்க ஒட்டிய செம்பு நாடாவில் முட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அளவைத் தாண்டிவிட்டதாகக் காட்டினால் மீட்டரை 2 மெகா ஓமுக்கு மாற்றுங்கள். அங்கே 250 கிலோ ஓமுக்கு (ஹம்பக்கர் கிட்டாரில் வழக்கமாக 500-க்கு) அருகில் எண் வந்தால், மீட்டர் அளப்பது வால்யூம் குமிழின் அடியிலுள்ள கன்ட்ரோலை மட்டுமே. பிக்கப்பின் கம்பி அறுந்திருக்கிறது அல்லது சுவிட்ச் தொடவில்லை என்று பொருள். மலையில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். செம்பின் மின்தடை வெப்பத்தோடு கூடிக் குறைவதால், கோவையில் 30 டிகிரியில் 6.5 கிலோ ஓம் காட்டிய பிக்கப், ஊட்டியில் 8 டிகிரிக் குளிர்காலைப் பொழுதில் ஏறத்தாழ 6 கிலோ ஓம்தான் காட்டும். அது பழுதன்று.

இரைச்சலின் காரணத்தைக் கண்டறியக் கிட்டாரின் கம்பிகளைக் கையால் தொட்டாலே போதும். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது. குழிக்குள் செம்பு நாடா ஒட்டினால் மேலும் குறையும். தொட்டும் மாறாமலிருந்தால், கம்பிகளை உடலில் தாங்கும் பிரிட்ஜுக்குச் செல்லும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கலாம். தொட்டதும் கூடினால், ஜாக்கில் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். நாடாவின் பசை எப்போதும் மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்ப வேண்டாம். நாடாத் துண்டுகள் சேரும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு ஈயம் வைத்து இணைத்துவிடுங்கள். நாடாவால் ஒற்றைச் சுருளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் முழுவதும் மறைந்துவிடாது. டிரான்ஸ்பார்மர்களின் காந்தப்புலத்தைச் செம்பு நாடா தடுப்பதில்லை. அதற்காகவே கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் 1955-இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை உருவாக்கினார்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடலோடு இணைந்திருக்கின்றன. பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் எர்த் இல்லாத சாக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே ஆம்ப்ளிஃபயரில் கசிவு ஏற்பட்டால், 230 வோல்ட் விரல்நுனி வரை வரக்கூடும். எர்த் சரிபார்க்கப்பட்ட மூன்று பின் சாக்கெட்டில் மட்டுமே செருகுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திறக்கவே வேண்டாம். சுவிட்சை அணைத்த பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

புதிதாக வயரிங் செய்ய விரும்புபவர் ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன் என்ற அமைப்பில் தொடங்கலாம். கன்ட்ரோல் ஒவ்வொன்றிலும் ஒயர் பற்றவைக்க மூன்று கால்கள் உண்டு. பிக்கப்பின் ஒலி ஒயர் வால்யூமின் ஓரக்காலுக்கும், நடுக்கால் ஜாக்கின் நாக்குக்கும் செல்ல வேண்டும். எஞ்சிய ஓரக்காலை வளைத்துக் கன்ட்ரோலின் உலோக முதுகோடு பற்றவைத்தால் அது எர்த் ஆகும். பிக்கப் சேர்ந்த காலிலிருந்து டோனின் நடுக்காலுக்கு ஓர் ஒயர். டோனின் ஓரக்காலிலிருந்து அதன் முதுகுக்கு ஒரு கெப்பாசிட்டர். குமிழ் தலைகீழாக வேலை செய்தால், வால்யூமில் ஓரக்கால்கள் இரண்டையும் தமக்குள் மாற்றுங்கள். டோனில் கெப்பாசிட்டரை மறு ஓரக்காலுக்கு மாற்றுங்கள். இரண்டு முதுகுகளும் ஜாக்கின் வளையமும் பிரிட்ஜும் பிக்கப்பின் எர்த் ஒயரும் ஒன்றாகச் சேர வேண்டும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். ரேடியோக் கடையில் 470 கிலோ ஓம்தான் இருக்கிறது என்றால் 500-க்குப் பதிலாக அதைத் தயங்காமல் வாங்கலாம். கெப்பாசிட்டர்கள் 223 அல்லது 473 என்று அச்சிட்டுக் கிடைக்கும், முன்னது 0.022, பின்னது 0.047 மைக்ரோஃபாரட்.

குளிர் அறையில் பற்றவைப்பதற்குப் பொறுமை தேவை. கன்ட்ரோலின் முதுகு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் 25 வாட் சால்டரிங் அயர்ன் அங்கே திணறும்; 40 முதல் 60 வாட் வரை இருப்பது நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் காற்று நேரே மேஜையில் படாமல் அமர்ந்துகொள்ளுங்கள். முதுகை அரத்தால் லேசாகச் சுரண்டி, முதலில் அங்கே மட்டும் ஈயம் பிடிக்கச் செய்து, ஒயரின் நுனிக்கும் ஈயம் பூசி, அதன் பின்பே இரண்டையும் சேர்க்க வேண்டும். ஈயம் உருகி நீர்போல் பரவியதும் அயர்னை எடுத்து, அது உறையும் வரை ஒயரை அசைக்காமல் பிடித்திருங்கள்; வாயால் ஊத வேண்டாம். அசைந்து உறைந்த இணைப்பு சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும்; இன்று வேலை செய்தாலும் அடுத்த மழையில் விட்டுப்போகும். தகரப் பட்டறையில் பயன்படும் அமிலப் பேஸ்ட் அறவே கூடாது. மலையின் ஈரத்தில் அது ஒயரை அரித்துவிடும்.

மரவேலையில் இறங்குபவர்கள் முதல் கிட்டாருக்கு உடலை மட்டும் செய்து, கழுத்தை வாங்கிவிடுவது நல்லது. நீலகிரியில் எளிதில் கிடைக்கும் மரங்களில் யூகலிப்டஸ் காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் வேலைக்கு அடங்கும். 45 மி.மீ. கனத்தில் அறுத்த பலகையை அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான பரணில் குறுக்குச் சட்டங்களின் மேல் அடுக்கி, வாரந்தோறும் எடைபோட்டுப் பாருங்கள்; மழையில்லாத மாதங்களிலும் எடை குறையாமல் நின்றபின் வேலையைத் தொடங்கலாம். பிரிட்ஜின் இடத்தைக் குறிக்க, நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் கட்டை) 12-ஆவது ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் குறுக்குக்கோடு) வரை அளந்து இரட்டிப்பாக்க வேண்டும். ஃபெண்டர் நிறுவனக் கிட்டாரின் அளவில் அது 324-இன் இருமடங்கான 648 மி.மீ.; பிரிட்ஜில் தடித்த கம்பிகளைத் தாங்கும் சாடில்கள் இன்னும் சில மி.மீ. பின்னால் தள்ளி நிற்கும்.

கழுத்து பருவத்துக்குப் பருவம் அசையும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, 7-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள், 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால், கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒரு நாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஜனவரியில் உறைபனி விழும் வறண்ட நாட்களில் மரம் சுருங்குவதால் ஃப்ரெட்டுகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். அவற்றை அரத்தால் ராவுவதற்கு அந்த மாதமே ஏற்றது. மழைக்காலத்தில் ராவினால், மரம் சுருங்கியதும் முனைகள் மறுபடி வெளியே வந்துவிடும்.