வாராந்திர வினாடி வினா: வினா எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியிலோ கிளை நூலகத்திலோ வாரந்தோறும் நடக்கும் பொது அறிவு வினாடி வினாவில் எழும் சச்சரவுகளுக்குப் பெரும்பாலும் வினாவிலேயே உள்ள பிழைதான் காரணமாகிறது. ஒவ்வொரு வாரமும் புதிய வினாக்களைத் தேட வேண்டியிருப்பவர், நேரமின்மையால் பழைய வினா வங்கிகளையும் கைபேசியில் சுற்றும் பட்டியல்களையும் நம்புகிறார். ஒருவர் எங்கோ செய்த பிழை இவ்வாறு பலராலும் படியெடுக்கப்பட்டு, காலப்போக்கில் உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. பரிசு ஒரு பேனாவாகவே இருந்தாலும், அங்கே கேட்ட விடையைத்தான் ஒரு மாணவர் போட்டித் தேர்வு எழுதும் வரை மனத்தில் வைத்திருக்கிறார் என்பதால், இதைச் சிறிய விஷயமாகக் கருதக் கூடாது.

இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்பது இவ்வகையில் மிகப் பழைய பிழை. எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் 2012-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விடையளித்த பின்னும் அந்த வினா நீங்கியபாடில்லை. தேசிய மொழி எது என்ற வினாவும் அப்படித்தான். அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு ஒன்றியத்தின் ஆட்சிமொழியைப் பற்றிப் பேசுகிறதே தவிர, தேசிய மொழி என்று எதையும் குறிப்பிடவில்லை.

கலை, பண்பாட்டுப் பகுதியில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும், ஏனெனில் அங்கே ஆய்வு வளர வளர விடையும் மாறுகிறது. சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்று பழைய நூல்கள் எழுதின. பல வினாத்தாள்கள் இன்றும் அதையே கேட்கின்றன. ஆனால் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் அந்தக் குடைவரையைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்த செய்தியை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டே சொல்கிறது. அதனால், 'ஓவியங்களை வரைவித்த மன்னர் யார்' என்று ஒரு பெயரைக் கோருவதை விட, 'இளங்கௌதமன் திருப்பணியைக் கூறும் கல்வெட்டு எந்தக் குடைவரையில் உள்ளது' என்று கேட்பது உறுதியான வினாவாகும். அதைக் கேட்டவர்களுக்கு ஒரு புதிய செய்தியும் கிடைக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதை இன்னும் வினாவாக்குபவர்கள், ஒரு மாலைப் பொழுதில் அந்தத் திருச்சுற்றில் நின்று பார்த்தாலே போதும். நிழல் நன்றாகவே விழுகிறது. அங்குள்ள பெரிய நந்தியை ராஜராஜன் அமைத்ததாகச் சொல்வதும் தவறு, அது நாயக்கர் காலத்தது. உள்ளபடியே வியப்பளிக்கும் ஒரு கோயிலுக்குக் கட்டுக்கதையின் துணை தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

'தோற்றுவித்தவர் யார்' என்ற வடிவமே கலைகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பரதநாட்டியத்தைத் தோற்றுவித்தவர் ருக்மிணி தேவி அருண்டேல் என்ற விடைக்குறிப்பு, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களையும், தலைமுறை தலைமுறையாக ஆடலைக் காத்துவந்த இசை வேளாளர் குடும்பங்களையும் ஒரே வரியில் அழித்துவிடுகிறது. கலாக்ஷேத்ராவை 1936-இல் நிறுவியவர் யார் என்று கேட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. 'இசை மூவர் யார்' என்ற வினாவும் இப்படியே இடறும்: தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்று ஒரு அணி சொல்ல, முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்று மற்றோர் அணி சொல்லும். இரண்டுமே சரியான விடைகள் என்பதால், முதல் மூவரைக் குறிக்கத் திருவாரூர் என்றோ, மற்ற மூவரைக் குறிக்கச் சீர்காழி என்றோ ஒரு சொல்லை வினாவில் சேர்த்தாக வேண்டும்.

ஆண்டைக் கேட்கும் வினாக்களில் எந்த நிகழ்வின் ஆண்டு என்பது தெளிவாக இருக்க வேண்டும். சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது எப்போது என்று மட்டும் கேட்டால், சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய 1967 ஜூலை 18-ஐச் சொல்பவரும், நாடாளுமன்றச் சட்டம் வந்த 1968-ஐச் சொல்பவரும், பெயர் நடைமுறைக்கு வந்த 1969 ஜனவரி 14-ஐச் சொல்பவரும் தத்தம் அளவில் நியாயமாகவே வாதிடுவார்கள்.

'முதல்', 'மிக இளைய', 'மிக உயர்ந்த' என்ற அடைமொழிகளுக்கு எல்லை கட்டாமல் விடுவதும் பரவலான குறை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்ற குகேஷை மிக இளைய உலக சதுரங்க வாகையாளர் என்று பொதுப்படச் சொன்னால், பட்டம் இரண்டாகப் பிரிந்திருந்த 2002-இல் அவரைவிடச் சில மாதங்கள் இளைய வயதில் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டத்தை வென்ற ருஸ்லான் பொனமரியோவை அறிந்தவர் எழுந்து நிற்பார். 'பிளவுபடாத பட்டத்தை வென்றவர்களில் மிக இளையவர்' என்பதே சரியான தொடர். தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா, தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரம் கேரளத்தின் ஆனைமுடி என்பதிலும் இந்த எல்லைக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

நடப்பு நிகழ்வுகளில் பழைய எண்ணிக்கையே பெரும் பொறி. செம்மொழிகள் ஆறு என்று மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். 2024 அக்டோபரில் மராத்தி, வங்காளம், அசாமியம், பாலி, பிராகிருதம் ஆகியவை சேர்ந்து பதினொன்றாயின. யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் இந்தியாவின் எண்ணிக்கை 2025 ஜூலையில் 44 ஆனது; அது மீண்டும் மாறும். பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றிய வினாக்களோடு இத்தகைய எண்ணிக்கை வினாக்களுக்கும் 'இந்த நாள் நிலவரப்படி' என்று ஒரு தேதியைக் குறித்துவிடுவது நல்லது. அதைவிட நல்லது, எண்ணை விட்டுப் பொருளைக் கேட்பது. அந்த 44-ஆவது இடமான மராட்டியர் கோட்டைத் தொகுதியின் பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய அந்தக் கோட்டையில் இருந்துதான் பின்னர் அவருடைய மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகையைப் பல ஆண்டுகள் தாங்கினார். மகாராஷ்டிரத்துப் பட்டியலில் விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டை ஏன் இடம்பெற்றது என்று கேட்டுப் பாருங்கள், அரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

கொள்குறி வினாவின் நான்கு தெரிவுகளும் ஒரே இனத்தவையாக இருக்க வேண்டும் என்பதும், மாமல்லபுரம், மகாபலிபுரம் போன்ற மாற்றுப் பெயர்களை விடைக்குறிப்பிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதும் பலரும் அறிந்தவையே.

விடையை மறுக்கும் ஒருவரை 'தாளில் இப்படித்தான் உள்ளது' என்று சொல்லி உட்காரவைப்பது மட்டும் மன்னிக்க முடியாத தவறு. டிஎன்பிஎஸ்சியே தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்கிறது. வாராந்திரப் போட்டியிலும் ஆட்சேபத்தைச் சான்றோடு எழுத்தில் பெற்று, சரியென்று தெரிந்தால் அந்த அணிக்கு மதிப்பெண்ணை வழங்கி, திருத்திய விடையை அடுத்த வாரத்தின் முதல் வினாவுக்கு முன்பே அனைவருக்கும் படித்துக் காட்ட வேண்டும்.