நிகழ்ச்சிப் பட்டியல் மாதத் திட்டம் ஆகாது: சிறு அறக்கட்டளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை நேரப் படிப்பு மையம், முதியோருக்கு மதிய உணவு, கண் பரிசோதனை முகாம், பெண்களுக்குத் தையல் பயிற்சி என்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் சிறு அறக்கட்டளைகள் நடந்துகொண்டிருக்கின்றன. நான்கைந்து அறங்காவலர்கள், சம்பளத்துக்கு ஒருவர், மதிப்பூதியத்துக்கு இரண்டு மூன்று ஆசிரியைகள், ஞாயிற்றுக்கிழமை வந்து உதவும் கல்லூரிப் பிள்ளைகள். ஆள்பலம் இவ்வளவுதான். இப்படிப்பட்ட அமைப்புகளின் கணக்கு நோட்டுகளையும் கூட்டங்களையும் பல காலமாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். ஆசையோடு தொடங்கியவர்கள் சில வருடங்களிலேயே களைத்துப்போவதற்குப் பணத்தட்டுப்பாடு மட்டும் காரணம் இல்லை. மாதத் திட்டம் போடுகிற விதமும் அவர்களைக் களைக்க வைக்கிறது.

பெரும்பாலான கூட்டங்கள் “இந்த மாசம் என்ன பண்ணலாம்?” என்ற கேள்வியோடுதான் ஆரம்பிக்கின்றன. ஒருவர் மரக்கன்று நடலாம் என்பார், இன்னொருவர் ரத்ததான முகாம் என்பார், மூன்றாமவர் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி என்பார். பத்து நிமிடத்தில் ஆறு நிகழ்ச்சிகள் நோட்டில் ஏறிவிடும். அதை யார் செய்வது, எந்தப் பணத்தில் செய்வது, அந்தத் தேதியில் ஊர் சும்மா இருக்குமா என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படும். முதல் தவறு இதுதான். மற்றவை பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. நகர்த்த முடியாத தேதிகள், செலவழிக்கக்கூடிய பணம், இருக்கிற ஆட்களின் நேரம் ஆகிய மூன்றையும் முதலில் எழுதுங்கள். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் நிகழ்ச்சி வர வேண்டும்.

நகராத தேதிகளை மறப்பது

அரசாங்கத் தேதிகள் நம் வசதிக்குக் காத்திருப்பதில்லை. நாம் கொடுக்கும் பணத்தில் பிடித்தம் செய்த வரியை (டிடிஎஸ்) அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். ஊழியர்களுக்கு வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்), மருத்துவக் காப்பீடு (இஎஸ்ஐ) இருந்தால் 15ஆம் தேதி. தணிக்கை அறிக்கைக்கு வழக்கமாகச் செப்டம்பர் 30, வருமான வரிக் கணக்குக்கு அக்டோபர் 31. வெளிநாட்டு நன்கொடை பெற அனுமதி உள்ளவர்களுக்கு டிசம்பர் 31-க்குள் ஆண்டறிக்கை. சங்கமாகப் பதிவு செய்தவர்களுக்கு இவற்றோடு ஆண்டுப் பொதுக்குழுவும், பதிவாளருக்குக் கொடுக்க வேண்டிய ஆவணங்களும் சேரும்.

சிறு அமைப்புகளை அதிகம் தவிக்கவிடுவது மே 31. நன்கொடையாளருக்கு 80ஜி என்ற வருமான வரிச் சலுகை கிடைக்க வழி செய்யும் அமைப்புகள், முடிந்த நிதியாண்டில் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை அந்தத் தேதிக்குள் வருமான வரித் துறைக்கு இணையவழியில் அனுப்ப வேண்டும். 10பிடி என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். தாமதித்தால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம். அந்தப் பட்டியல் போனால்தான் நன்கொடையாளருக்குச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இல்லாவிட்டால் அவருக்கு வரிச்சலுகை இல்லை. பட்டியலுக்குப் பெயர், முகவரி, பான் எண் எல்லாம் வேண்டும். ஜூலையில் பணம் கொடுத்தவரை அடுத்த மே மாதம் கூப்பிட்டு பான் எண் கேட்டால், அவர் ஊர் மாறியிருப்பார், அல்லது சலித்துக்கொள்வார். ரசீது எழுதும்போதே வாங்கிவிட்டால் இந்த வேலையே இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடைக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். மாதம் ஒருமுறை ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, விடுபட்ட பான் எண்களை மட்டும் கேட்டு எழுத அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் திட்டத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயம்: 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. உங்களுக்குப் பொருந்தும் தேதிகளையும் புது எண்களையும் ஆடிட்டரிடம் கேட்டு ஒரே தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பாஸ்புக்கில் இருப்பதெல்லாம் நம் பணம் என்று நினைப்பது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். நல்லவர்கள், நேர்மையானவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தின் வங்கிக் கணக்கில் மாதத் தொடக்கத்தில் 1,86,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,20,000 ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியிலிருந்து கணினி வாங்க மட்டும் கொடுத்தது. 18,000 ஒருவர் தன் தாயார் நினைவாக இரண்டு மாணவிகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுத்தது. மிச்சம் 48,000. இனி மாதச் செலவைப் பார்ப்போம். மூன்று ஆசிரியைகளுக்குத் தலா 4,000 வீதம் 12,000, ஒருங்கிணைப்பாளர் சம்பளம் 15,000, வாடகை 6,000, மின்கட்டணம், சுண்டல், நோட்டு, பஸ் செலவு எல்லாம் சேர்த்து 8,000. மொத்தம் 41,000. ஆக, புதிதாக எதையாவது செய்யக் கையில் இருப்பது 7,000 ரூபாய்.

ஆனால் கூட்டத்தில் எல்லோர் மனதிலும் நிற்பது 1,86,000 என்ற எண். “பணம்தான் இருக்கே” என்று 40,000 ரூபாயில் ஆண்டு விழா முடிவாகிறது. கணினிப் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அடுத்த தவணை வந்ததும் சரிக்கட்டிவிடலாம் என்கிறார்கள். அடுத்த தவணை வர வேண்டுமானால் முதல் தவணையைச் சொன்ன வேலைக்கே செலவிட்டோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கணினி வாங்காமல் அதை எப்படிக் கொடுப்பது? யாரும் ஒரு ரூபாயைக்கூடத் தனக்கென்று எடுக்கவில்லை. ஆனாலும் அமைப்பின் பெயர் கெட்டுவிடும்.

பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: வங்கியில் இருப்பது, குறிப்பிட்ட வேலைக்கென்று வந்தது, மிச்சம். கூட்டத்தில் மூன்றாவது எண்ணை மட்டும் சத்தமாகப் படியுங்கள்.

பணம் குறையும்போது முதலில் நிறுத்தப்படுவது ஆசிரியையின் மதிப்பூதியமாக இருக்கிறதே, இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். “அவங்க நம்ம ஆளு, கொஞ்சம் பொறுத்துப்பாங்க” என்கிறோம். அந்த 4,000 ரூபாயில் அவர் வீட்டு கேஸ் சிலிண்டர் இருக்கிறது, மகனின் வேன் கட்டணம் இருக்கிறது. பந்தல்காரருக்கும் பேனர் கடைக்கும் அன்றே கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுப்பவரைக் காத்திருக்க வைப்பது நியாயமே இல்லை. மதிப்பூதியத்துக்கு 5ஆம் தேதி என்றால் 5ஆம் தேதி. அதை எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள்.

மார்ச்சில் விழித்துக்கொள்வது

வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை அந்த நிதியாண்டிலேயே நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்பது வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளைகளுக்கான விதி. முடியாவிட்டால், உரிய படிவத்தைக் காலத்தோடு கொடுத்துப் பின்னர் செலவிட வழி இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் கணக்குப் பார்த்து, “இன்னும் மூணு லட்சம் செலவாகலையே” என்று பதறி, தேவையில்லாத பைகளும் தட்டுகளும் வாங்கிக் குவிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பில் மார்ச்சில் இருந்தால் போதாது, பணமும் மார்ச் 31-க்குள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரலில் கொடுத்தால் அது அடுத்த ஆண்டுச் செலவு. அவசரத்தில் ஒருவருக்கே ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கணக்கில் ஏறாது.

ஒவ்வொரு மாதமும் இதுவரை வந்தது, இதுவரை செலவானது என்று இரண்டு எண்களைத் திட்டத்தின் தலைப்பில் எழுதி வந்தால் டிசம்பரிலேயே நிலைமை தெரிந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் யோசித்துச் செலவிடலாம். பில்களையும் அந்தந்த மாதமே வவுச்சரோடு குத்தி வையுங்கள். தேதி இல்லாத டீக்கடைச் சீட்டு, “பொருட்கள்” என்று மட்டும் எழுதிய மளிகைக் கடை பில் எல்லாம் மறுவாரம் கேட்டால் சரியாகிவிடும். பத்து மாதம் கழித்துக் கேட்டால் கடைக்காரருக்கும் நினைவிருக்காது, நமக்கும் இருக்காது.

பேர் போடாமல் வேலையை எழுதுவது

“எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம்” என்று முடிகிற வேலை, கடைசியில் எப்போதும் ஒரே ஆளிடம்தான் வந்து நிற்கும். பெரும்பாலும் அமைப்பைத் தொடங்கியவர். இல்லையென்றால் மறுக்கத் தெரியாத ஒருங்கிணைப்பாளர். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஒரு பெயர் இருக்கட்டும். உதவிக்கு நான்கு பேர் இருக்கலாம், பொறுப்பு ஒருவருக்குத்தான்.

பெயர் போடும் முன் அவருடைய நேரத்தையும் கேளுங்கள். கண் முகாம் என்று நாம் ஒரு வார்த்தையில் எழுதுகிறோம். மருத்துவமனைக்குக் கடிதம், பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி, ஊராட்சித் தலைவருக்குத் தகவல், ஆட்டோவில் அறிவிப்பு, மேசை நாற்காலி, வந்தவர்களின் பதிவு, கண்ணாடி தேவைப்படுபவர்களின் பட்டியல், அறுவை சிகிச்சைக்குப் போகும் பாட்டிக்குத் துணை ஆள் என்று அது நீண்டுகொண்டே போகும். இதை ஒருவர் தலையில் வைத்து, அதே வாரத்தில் ஓவியப் போட்டியையும் வைத்தால் இரண்டும் அரைகுறையாகும். முகாமுக்குப் பின் நோயாளிகளைத் தொடர்ந்து பார்ப்பதுதான் முதலில் விடுபடும். முகாம் நடத்தியதன் பயனே அதில்தானே இருக்கிறது.

ஊர்க் காலண்டரைப் பார்க்காதது

திட்டக் கூட்டத்தில் மடிக்கணினி இருக்கும், தினசரி காலண்டர் இருக்காது. முகூர்த்த நாளில் பெற்றோர் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் கல்யாணத்தில் இருப்பார்கள். ஆடி ஞாயிறுகளில் அம்மன் கோயில் கூழ் ஊற்றல் இருக்கும். சனிக்கிழமை மாலை கட்டட வேலைக்குப் போகிறவர்கள் சம்பளம் வாங்கக் காத்திருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திறந்த மைதானத்தில் எதையும் வைக்காதீர்கள், வைத்தால் மாற்று இடத்தையும் எழுதுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில் பிள்ளைகளைப் பேரணிக்கு அழைப்பது சரியில்லை. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சில் படிப்பு மையத்துக்கு வேறு வேலையே இருக்கக் கூடாது என்பேன்.

கிராமசபை நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாட்களில் போட்டியாக நிகழ்ச்சி வைக்காமல், மையத்துக்குத் தெருவிளக்கு வேண்டும், கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும் என்ற கோரிக்கையைப் பெற்றோரே அங்கு எழுப்ப வழி செய்யலாம். பல ஆயிரம் செலவில் நாம் செய்ய நினைத்த வேலை சில சமயம் ஊராட்சி வழியாகவே முடிந்துவிடும்.

பெரிய நிறுவனங்களின் பதினைந்து பத்தி அட்டவணையை வாங்கி நிரப்பப் பார்ப்பதும் வேண்டாம். இரண்டாவது மாதமே யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். ஒரு பக்கத் தாள் போதும், அதிலும் ஒரு வாரம் காலியாக இருக்கட்டும். மழை, மரணம், திடீர் விருந்தினர் எல்லாம் அந்த வாரத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

கூட்டத்தை மாதத்தின் 25ஆம் தேதி வாக்கில் வைத்தால் போன மாதத் தாளும் கையில் இருக்கும். அதில் நடக்காத வேலைகளை முதலில் படியுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து நடக்காததை மூன்றாம் மாதத்துக்குத் தள்ளாமல், செய்வதா விடுவதா என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். அறங்காவலர்கள் மட்டும் உட்கார்ந்து இதைப் பேசுவதில் பயனில்லை. எந்தப் பிள்ளை ஏன் வருவதில்லை, எந்தக் கிழமை தெருவில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் ஆசிரியைக்கும் சமையல் செய்யும் அக்காவுக்கும்தான் தெரியும். அவர்கள் வர முடிகிற நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். வரும் நாளுக்கான பஸ் செலவையும் அந்த மாதக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.