பூனைக்குச் சுகர் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? முதல் சில வாரங்களுக்கான செய்முறை

மனிதருக்கு வரும் சர்க்கரை நோயைப் பற்றி நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் நாலு விஷயம் சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது மாத்திரை போடுகிறார். பூனைக்கு அது வந்தால்தான் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறோம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பூனை வளர்த்து, இப்போதுதான் இந்தச் செய்தியைக் கேட்டு மனசு உடைந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கருப்பனுக்கும் இதே நோய்தான். தினமும் ஊசி போட்டுக்கொண்டு, வளவுத் தூணில் நகம் தீட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான்.

எந்த மருந்து, எத்தனை யூனிட் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை வீட்டில் எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே வருகிறது.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சுகர் கொஞ்ச நாள் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் பூனை தாங்கிக்கொள்ளும். மருந்து அதிகமாகிச் சுகர் மளமளவென்று இறங்கினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. "கூடிவிட்டதே" என்று பதறி நாமாக டோஸை ஏற்றக் கூடாது. கீழே சொல்லியிருப்பவை பலவும் இந்தப் பயத்திலிருந்து வந்தவைதான்.

படி 1: நோய் உறுதியா என்று கேளுங்கள்

தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். மண் தட்டில் ஈரக் கட்டி பெரிதாகும். முற்றத்து ஓரத்தில் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு தட்டுப்படும். சில பூனைகள் பின்னங்காலை நுனியில் ஊன்றாமல் கணுக்கால் வரை தரையில் பதித்து நடக்கும். நரம்பு பாதிப்பால் வருவது அது. சுகர் கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு மெல்ல மெல்லச் சரியாகும்.

பயந்தாலே பூனைக்குச் சுகர் ஏறும். இங்கிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ கூடையில் அடைத்துக் கொண்டுபோன பூனைக்கு அங்கே ரத்தம் எடுத்தால், நோய் இல்லாவிட்டாலும் எண் எகிறியிருக்கலாம். அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்யாமல், சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா, ஃப்ரக்டோசமைன் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃப்ரக்டோசமைன் கடந்த ஒன்றிரண்டு வாரத்துச் சராசரியைக் காட்டும்; அன்றைய பயம் அதை மாற்றாது.

கூடவே பல், ஈறு, சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது தொற்று இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அரிப்புக்காகவோ ஆஸ்துமாவுக்காகவோ முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். சில பூனைகளுக்குச் சுகரைக் கிளப்பிவிடுவதே அதுதான்.

படி 2: மருந்துக் கடையில் 40-ஆ 100-ஆ?

இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்.

பூனைகளுக்கு டாக்டர்கள் அதிகம் எழுதுவது கிளார்ஜின் என்ற இன்சுலின். லாண்டஸ், பாசலாக் என்ற பெயர்களில் மனிதருக்கு விற்பதேதான். இது ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஆனால் நம் நாட்டில் பெரியவர்கள் குப்பியிலிருந்து எடுத்துப் போடும் பழைய இன்சுலின்கள் பலவும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்று தனி சிரிஞ்ச் உண்டு. பொதுவாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி.

கடையில் போய் "இன்சுலின் சிரிஞ்ச் கொடுங்க" என்றால், "யாருக்குங்க, அப்பாவுக்கா?" என்று கேட்டுக்கொண்டே சிவப்பு மூடியை எடுத்து வைத்துவிடுவார். அவர் அன்றாடம் விற்பது அதுதான். 100 மருந்தை 40 சிரிஞ்சில் ஒரு கோடு ஏற்றினால் உள்ளே போவது இரண்டரை யூனிட். நாலு கிலோ பூனைக்கு அந்த வித்தியாசம் ஆளையே சாய்த்துவிடும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல், மருந்துப் பெட்டியிலும் சிரிஞ்சிலும் அச்சிட்டிருக்கும் எண் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். 100 சிரிஞ்சிலும் மொத்தம் 30 யூனிட் பிடிப்பதாக, முடிந்தால் அரை யூனிட் கோடு போட்டதாகக் கேளுங்கள். கடையில் இல்லையென்றால் வரவழைத்துத் தருவார்கள், காத்திருக்கலாம்.

ஒரு யூனிட் என்பது 0.01 மில்லி. ஒரு சொட்டுகூட இல்லை. முதல் தடவை சிரிஞ்சில் பார்க்கும்போது ஒன்றுமே ஏறவில்லை போலத் தோன்றும். சரியாகத்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இழுக்காதீர்கள்.

மருந்தை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வேண்டாம். உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பங்குனி, சித்திரை வெயிலில் நம் பக்கத்து வீடுகளில் மேசை மேல் வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள். கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் போடாதீர்கள். குலுக்கவும் வேண்டாம்.

மற்றபடி ஒரு குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், லான்செட் (ரத்தத்துக்காகக் குத்தும் சின்ன ஊசி), ஒரு நோட்டு, ஒரு பேனா. பயன்படுத்திய ஊசிகளை மூடி இறுகும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுங்கள். குப்பை அள்ளுகிறவர்களின் கையில் குத்தக் கூடாது.

படி 3: சோறு, பால், பக்கத்து வீட்டு ஆச்சி

செட்டிநாட்டில் பூனை பெரும்பாலும் மீன்சோறு, பால்சோறு, தயிர்சோறு தின்றுதான் வளர்கிறது. பூனையின் உடம்பு இறைச்சிக்காகவே அமைந்தது. சோற்றிலிருக்கும் மாவுச்சத்தைச் சமாளிக்க அதனிடம் பெரிதாக ஏற்பாடு இல்லை. கடையில் விற்கும் உலர் தீவனத்திலும் மாவுச்சத்து கணிசமாக உண்டு. சுகர் வந்த பூனைக்கு நல்லது, மாவுச்சத்து குறைந்த, புரதம் நிறைந்த ஈர உணவு. குழம்பு போல இருக்கும் பாக்கெட், டின் வகைகளில் எது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே செய்வதானால் உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் அவித்த, எலும்பில்லாத கோழி. தொண்டியிலிருந்து வரும் மீனை முள் எடுத்து அவித்துக் கொடுக்கலாம். ஆனால் வெறும் கோழியும் மீனும் முழு உணவு ஆகாது. டாரின் (பூனைக்கு அவசியமான ஒரு சத்து), கால்சியம் போன்றவை சேர வேண்டும். எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். குழம்புச் சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கழுவிப் போடுகிற பழக்கம் அறவே வேண்டாம். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது; இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். கருவாட்டில் உப்பு அதிகம்.

கவுனி அரிசி சுகருக்கு நல்லதாமே என்று யாராவது சொல்வார்கள். பூனைக்கு அதுவும் அரிசிதான். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், அப்பத்தாவின் சுகர் மாத்திரையில் கால் துண்டு, எதுவும் வேண்டாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. இன்சுலின் ஆரம்பித்த பிறகு, டாக்டரிடம் சொல்லாமல் ஒரே நாளில் சோற்றை நிறுத்தி இறைச்சிக்கு மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் சுகர் தானாக இறங்கும். பழைய டோஸ் அப்போது அதிகமாகிவிடும். இன்னொன்று, குண்டுப் பூனையைப் பட்டினி போட்டு மெலிய வைக்கக் கூடாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு வினையாகும். தண்ணீர் எப்போதும் நிறைய இருக்கட்டும்.

நம் ஊர்ப் பூனை ஒரு வீட்டுப் பூனை இல்லை. வளவு தாண்டி, ஓடு ஏறி, நாலு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும். அங்கே போய் "இனிமே ஒண்ணும் கொடுக்காதீங்க" என்றால் பாசமாகக் கொடுக்கிறவர்களுக்கு மனசு கேட்காது, மறைத்துக் கொடுப்பார்கள். நான் ஒரு சின்ன டப்பாவில் அவித்த கோழித் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஆச்சி, கருப்பனுக்குச் சுகர். பால்சோறு வச்சா ஊசிக் கணக்கு தப்பிடும். உங்களைத் தேடி வந்தான்னா இதுல ரெண்டு துண்டு மட்டும் போடுங்க, போட்டா எனக்கும் சொல்லிடுங்க" என்றேன். "பூனைக்கெல்லாமா சுகர் வருது!" என்று வாய் பிளந்தவர், அன்றிலிருந்து மற்ற வீடுகளுக்கும் அவரே சொல்லிவிட்டார். கழுத்துப் பட்டையில் "எனக்குச் சர்க்கரை நோய். சோறு, பால் வேண்டாம்" என்று எழுதிக் கட்டுவதும் நல்ல வேலை செய்யும்.

படி 4: ஊசி

பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, காலை, இரவு. உங்கள் வீட்டில் என்றைக்கும் யாராவது இருக்கும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரமும் அதுவாகவே இருந்தால், ஊர் சுற்றும் பூனையும் பசிக்கு வீடு வந்துவிடும். வந்ததும் வீட்டின் இரண்டாம் கட்டிலுள்ள ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

மருந்தை ஏற்றுங்கள், காற்றுக் குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள், கோட்டைச் சரிபாருங்கள். கிண்ணத்தை வையுங்கள். பூனை நாலு வாய் சாப்பிடட்டும். சாப்பிடுகிறதென்று தெரிந்த பிறகுதான் ஊசி. அதன் பின்பக்கமாக உட்கார்ந்து, விலாப் பக்கத்துத் தளர்ந்த தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்குங்கள். கூடாரம் போல ஒரு மடிப்பு வரும். அதன் அடிப்பகுதியில், உடம்புக்கு இணையாக ஊசியை நுழைத்து, அழுத்தி, எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். ஊசி மயிரிழை போல மெல்லியது; பல பூனைகள் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்குவதுகூட இல்லை. அப்புறம் அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். முடி ஈரமாக இருந்தால் மருந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஆனாலும் மறுபடி போடாதீர்கள். பாதி உள்ளே போயிருக்கலாம். நோட்டில் குறித்துவிட்டு அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். வேளை தவறிப்போனாலும் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது என்றால் ஊசிக்கு முன் டாக்டருக்கு போன்.

படி 5: காதில் ஒரு சொட்டு

வீட்டில் பார்க்கும் ரீடிங்தான் நம்பகமானது, ஏனென்றால் இங்கே பூனைக்குப் பயமில்லை. வெந்நீரில் பிழிந்த துணியால் காது மடலைக் கொஞ்ச நேரம் பொத்திச் சூடாக்குங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் மடல் ஓரமாக ஒரு மெல்லிய ரத்தக் குழாய் ஓடுவது தெரியும். உள்பக்கம் பஞ்சை வைத்துப் பிடித்துக்கொண்டு, குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவில் குத்துங்கள். மிளகைவிடச் சின்னதாக ஒரு முத்து ரத்தம் வரும். ஸ்ட்ரிப்புக்கு அது போதும். பஞ்சால் அழுத்திப் பிடித்துவிட்டு, ஒரு துண்டு கோழி கொடுங்கள். சில நாளில் கோழிக்காகவே காதைக் காட்ட வந்துவிடும்.

மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். எப்போதும் ஒரே மீட்டரையே வைத்துக்கொண்டு, அது எந்த வகை என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். புதிதில், ஊசிக்கு முந்தைய ரீடிங் 200-க்குக் கீழே இருந்தால் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். ஊசி போட்டு 4 முதல் 8 மணி நேரத்துக்குள் சுகர் அதிகம் இறங்கும். டோஸ் மாற்றிய நாட்களில் அந்த நேரத்தில் ஒரு ரீடிங் எடுத்துவிடுங்கள். நோட்டில் நேரம், ரீடிங், யூனிட், சாப்பிட்ட அளவு, வாரம் ஒரு முறை எடை. டாக்டர் உங்களிடம் கேட்கப் போவது இதைத்தான்.

படி 6: சுகர் இறங்கினால்

தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, திடீர்ப் பசி, கூப்பிட்டால் திரும்பாதது, கடைசியில் வலிப்பு. மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், பூனை நன்றாகத் தெரிந்தாலும் அவசரம்தான். நினைவோடு இருந்தால் உடனே சாப்பாடு, கூடவே கொஞ்சம் தேன் அல்லது குளுக்கோஸ் கரைசல். சாப்பிட முடியாவிட்டால் அதை விரலில் தொட்டு ஈறில் தேய்த்துவிடுங்கள். வலிப்பில் இருக்கும்போது வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். கொஞ்சம் தெளிந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மருந்தின் வேலை இன்னும் முடிந்திருக்காது, மறுபடி இறங்கும். தேன் பாட்டிலையும் டாக்டரின் எண்ணையும் ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான அவசரமும் உண்டு. பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்து, மூச்சில் நகப்பாலிஷ் அழிக்கும் திரவம் போல வாடை அடித்தால் அது கீட்டோன்; இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேர்வது. வீட்டு வைத்தியம் கிடையாது, அன்றே மருத்துவமனை.

ஊருக்குப் போவது, மாத்திரை, குணமாவது

கல்யாணம், திருவிழா என்று வெளியூர் போவதற்கு முன்பே வீட்டில் இன்னொருவருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுங்கள். வெறும் தண்ணீரை ஏற்றி எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகலாம். வீட்டிலேயே விசேஷம் என்றால் மேளச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் பூனை ஓடி ஒளிந்து, ஊசி நேரத்தில் அகப்படாது. முதல் நாளே தனி அறையில் விட்டுவிடுங்கள்.

ஊசி இல்லாமல் மாத்திரை உண்டா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாக்லிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023-இல் வெலாக்லிஃப்ளோசின் என்ற திரவ மருந்துக்கும் பூனைகளுக்காக அனுமதி கொடுத்தார்கள். இன்சுலின் போட்டுப் பழகிய பூனைகளுக்கு அவை இல்லை. மற்ற பூனைகளிலும் எல்லாவற்றுக்கும் ஒத்து வராது. கீட்டோன் ஆபத்து உண்டு. மனிதருக்கான அதே வகை மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்.

சீக்கிரமே இன்சுலின் ஆரம்பித்து, உணவையும் சரி செய்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலை வருகிறது. ஊசிக்கு முந்தைய ரீடிங்குகள் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் அதன் அறிகுறியாக இருக்கலாம். நோட்டைக் காட்டுங்கள், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். ஊசி நின்ற பிறகும் இறைச்சி உணவே தொடரட்டும், வாரம் ஒரு முறை காதில் பாருங்கள், ஸ்டீராய்டு எழுத வரும் எந்த டாக்டரிடமும் பழைய கதையைச் சொல்லுங்கள். தண்ணீர்க் கிண்ணம் மறுபடி சீக்கிரம் காலியாக ஆரம்பித்தால் அன்றே ஒரு ரீடிங் எடுங்கள்.