கிரௌன் ஈதர் திரவப் படிகங்களில் உப்புச் சேர்க்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக் கல்லூரிகளில் முதுகலை வேதியியல் மாணவர்கள் கிரௌன் ஈதர் (ஆக்சிஜன் அணுக்களால் உலோக அயனியைப் பிடிக்கும் வளைய மூலக்கூறு) கொண்ட திரவப் படிகங்களில், அதாவது திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒழுங்காக அமைந்த பொருள்களில், உப்புச் சேர்ப்பதை ஆய்வுத் திட்டமாக எடுத்தால், பெரும்பாலும் வளையத் துளைக்கு ஏற்ற அளவுள்ள அயனி என்ற பாடநூல் பொருத்தத்திலிருந்தே தொடங்குவார்கள்: 12-கிரௌன்-4 லித்தியத்துக்கு, 15-கிரௌன்-5 சோடியத்துக்கு, 18-கிரௌன்-6 பொட்டாசியத்துக்கு. இது பொய்யன்று, ஆனால் இதை மட்டும் நம்பி, 15-கிரௌன்-5 பொட்டாசியத்தோடு பிணையாது என்று எழுதிவிடுவது தவறு. துளைக்குள் நுழைய முடியாத பொட்டாசியம் அயனி இரண்டு வளையங்களுக்கு நடுவே அமர்ந்து அவற்றை இணைத்துவிடும். மூலக்கூறுகள் அடுக்கப்படும் முறையே அதனால் மாறக்கூடும்.

எதிரயனியை, அதாவது உப்பில் உலோகத்தோடு வரும் எதிர்மின் அயனியை, மறந்துவிடுவது இதைவிடப் பெரிய தவறு. பொட்டாசியம் குளோரைடையும் சோடியம் அயோடைடையும் ஒப்பிட்டு, வேறுபாடு முழுவதையும் உலோக அயனியின் கணக்கில் எழுதினால், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு ஒன்றுக்குக் காரணம் சொன்னதாகும். குளோரைடின் படிகக் கூட்டை உடைப்பது கடினம். அயோடைடு, தயோசயனேட் போன்ற பெரிய, மின்சுமை பரவிய அயனிகள் எளிதில் பிரிந்து வரும். எனவே எதிரயனியை மாற்றாமல் உலோகத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

வளையம் தனியாகத் திரவப் படிகத்தைத் தருவதில்லை. விறைப்பான அரோமாட்டிக் நடுப்பகுதியும் ஆல்கைல் சங்கிலிகளும் வேண்டும். உப்பு, நெகிழ்வான வளையத்தை விறைப்பாக்குவதால் தெளிநிலை வெப்பநிலை (திரவப் படிகம் சாதாரணத் திரவமாக மாறும் வெப்பநிலை) பல சமயம் உயரும். உருகுநிலை அதைவிட அதிகமாக உயர்ந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட திரவப் படிக நெடுக்கம் சுருங்கிப்போகும் என்பதால், ஒன்றை மட்டும் அறிக்கையில் தருவது படிப்பவரை ஏமாற்றுவதே.

ஈரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோடியம் அயோடைடு காற்றிலுள்ள நீரை இழுத்து இருநீரேறிய வடிவமாகிவிட்டால், எடையில் சுமார் 19 சதவீதம் நீர்தான். சித்திரை மாத வறண்ட காற்றில் தப்பிவிடும் திறந்த குப்பி, ஐப்பசி மழையிலோ ஏற்காட்டுப் பனிமூட்டத்திலோ தப்பாது. எடைபோட்ட மோல் விகிதமும் பொய்யாகும். உலர்த்திய உப்பை உடனே எடைபோடுவதே வழி.

நிலைமாற்ற வெப்பநிலைகளை அளக்கும் டிஎஸ்சி (வேறுபாட்டு வருடு வெப்ப அளவியல்) கருவியில் முதல் சூடேற்றத்தை மட்டும் நம்பக் கூடாது. மிஞ்சிய கரைப்பான் அதில் குறுக்கிடும்.

நுண்ணோக்கியிலும் உப்பு ஏய்க்கும். பிணையாமல் மிஞ்சிய பொட்டாசியம் தயோசயனேட் துகள்கள் குறுக்கிட்ட துருவத் தகடுகளுக்கிடையே (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த ஒளி வடிகட்டிகளுக்கிடையே) திரவப் படிகம் போலவே ஒளிர்வதால், தெளிநிலைக்கு அப்பாலும் திரவப் படிகம் நீடிப்பதாகத் தோன்றும். சோடியம் அயோடைடு கனசதுரப் படிகமாதலால் அதன் துகள்கள் இருட்டில் மறைந்துவிடும். ஒரு தகட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் அவற்றின் விளிம்பு தெரியும்.