உழவு இயந்திரப் பெட்டியின் பின்விளக்கு: என் அனுபவம்

உழவு இயந்திரத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் பெட்டியின் பின்விளக்கில் குறை இருக்கிறது, கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவோம் என்று விற்றவர்களே அறிவித்தார்கள். கொண்டுபோனால் உதிரிப்பாகம் வரவில்லை என்றார்கள். அறுவடைக் காலத்தில் இருட்டிய பிறகும் நெல் மூட்டைகளோடு ஏ9 வீதியால் பரந்தனுக்குப் போக வேண்டும். உயிர் போகிற விடயத்தில் இப்படியா அலைக்கழிப்பது?

நானே கழற்றினேன். சிக்னலைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாகத் துடித்தது. எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு, கோளாறாக இருப்பதற்கு அதுதான் அடையாளம். திரும்பிப்போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து விளக்கின் இழைக்குள் புகுந்துவிடுகிறது. எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தார்கள். அடியில் செம்மண்ணும் துருவும். இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, கிரீஸ் பூசினேன். மின்சாரம் திரும்புவதற்குப் பெட்டியின் இணைப்புக் கொக்கியை நம்பாமல், தனி எர்த் வயர் ஒன்றை உழவு இயந்திரம் வரை இழுத்தேன். இப்போது இரண்டு விளக்குகளும் தனித்தனியே பளிச்சென்று எரிகின்றன.