வந்திறங்கிய அன்றே படகா? கட்டுநாயக்காவிலிருந்து மட்டக்களப்புக் கடல் வரை நம்மவர்கள் செய்யும் தவறுகள்

"காலை 8 மணிக்கு விமானம் இறங்குது, பின்னேரம் 4 மணிக்குப் படகு சொல்லி வைங்க." ஏப்ரல் பிறந்தாலே சுவிஸ், லண்டன், கனடா என்று எல்லாப் பக்கமிருந்தும் எனக்கு இப்படிச் செய்தி வரத் தொடங்கிவிடும். மச்சான், மச்சாள், அக்காவின் பிள்ளைகள், அவர்களுடைய கூட்டாளிகள், யாராக இருந்தாலும் திட்டம் ஒன்றுதான்: கட்டுநாயக்காவில் இறங்கி, நேரே வான் வண்டியில் ஏறி, அன்றைக்கே மட்டக்களப்புப் பக்கம் கல்லடியிலோ பாசிக்குடாவிலோ படகில் கால் வைப்பது. அந்த ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது, மூன்று கிழமை லீவில் ஒரு நாளைக் கூட விட மனம் வராது. இருந்தாலும் வந்திறங்கும் நாளை வீதிக்கே கொடுத்துவிடுங்கள், கடலுக்கு மறுநாள் காலையைக் கொடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

முதல் பிழை தூரக் கணக்கில் வருகிறது. கட்டுநாயக்காவிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஐரோப்பாவில் ஓடிப் பழகியவர் இதை மூன்று மணி நேரம் என்று எடுத்துக்கொள்கிறார். இங்கே மீரிகமவிலிருந்து குருநாகல் வரை சுமார் 40 கிலோமீட்டர் மட்டும்தான் அதிவேக வீதி, அது 2022 ஜனவரியில் திறந்தது. அதற்குப் பிறகு தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வெலிகந்தை, புனாணை, ஓட்டமாவடி என்று சாதாரண வீதிதான், பஸ்ஸும் லொறியும் மாடும் எல்லாம் அதே வீதியில். சாப்பிட, கை கால் கழுவ, பிள்ளைகளுக்கு நிறுத்த என்று சேர்த்தால் ஏழு மணி நேரம், சில நாளில் எட்டு. அதோடு விமானம் தரை தொட்ட நேரத்தை நீங்கள் வெளியே வந்த நேரமாக எண்ணக் கூடாது. குடிவரவு வரிசை, பெட்டி வரும் பட்டை, சிம், காசு மாற்றுவது எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரமாவது போகும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அக்கா குடும்பம் சூரிச்சிலிருந்து வந்த நாளில், பின்னேரம் 4 மணிக்குக் கல்லடியில் படகு என்று நான்தான் சொல்லி வைத்தேன். விமானம் இரண்டு மணி நேரம் பிந்தியது, ஒரு பெட்டி வரவே இல்லை, அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. அவர்கள் வந்து சேர்ந்தது இரவு எட்டரைக்கு. படகுக்காரர் அன்று காலை கடலுக்குப் போகவில்லை, எங்களுக்காகப் படகைக் கழுவி, எண்ணெய் அடித்து, ஐஸ் வாங்கி வைத்துவிட்டு, மணலில் குந்தியிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை கூடக் கடிந்து பேசவில்லை. "பரவாயில்ல தம்பி, நாளைக்குப் பாப்பம்" என்றார். அவருக்கு ஒரு நாள் உழைப்புப் போனது, எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்போதிருந்துதான் இந்த விஷயத்தில் நான் கண்டிப்பாகிவிட்டேன்.

சரி, எல்லாம் நேரத்துக்கு நடந்து 4 மணிக்கே வந்துவிட்டீர்கள் என்று வைப்போம். அப்போதும் கடல் உங்களுக்காகக் காத்திருக்காது. நம் பக்கத்துக் கடலில் ஓட நல்ல நேரம் விடியற்காலைதான். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு காற்று எழும்பி, பின்னேரம் படகு குதிக்கத் தொடங்கும். ஆண்டின் நடுவில் கச்சான் வீசும் காலத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று, அதனால் கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் குளம் போலத் தெரியும், வெளியே போன பிறகுதான் இழுப்பு விளங்கும். எஞ்சின் நின்றால் படகு கரைக்கு வராது, வெளியேதான் போகும். டிசம்பர் லீவுக்கு வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: நவம்பர் முதல் பெப்ரவரி வரை எங்களுக்கு வாடைக் காலம், மாரி மழையும் கொந்தளிப்பும், அப்போது உல்லாசத்துக்குக் கடல் படகு கேட்கவே வேண்டாம். வானொலியில் "திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு" என்று வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை சொன்னால் எந்த நல்ல படகுக்காரரும் படகைக் கடலில் தள்ளமாட்டார். யாராவது தள்ளினால் நீங்கள் ஏறாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வான் ஓட்டம். வழமையில் என்ன நடக்கிறது? மட்டக்களப்பிலிருந்து ஒரு வான் முதல் நாள் இரவு புறப்படுகிறது. ஓட்டுநர் ஏழு மணி நேரம் ஓடி, விமான நிலைய வாகனத் தரிப்பிடத்தில் ஆசனத்தைச் சாய்த்துக் கொஞ்சம் கண் மூடி, உங்களை ஏற்றிக்கொண்டு மறுபடி ஏழு மணி நேரம் திரும்பி ஓடுகிறார். அதில் "4 மணிக்குப் படகு, கொஞ்சம் அடிச்சுப் போங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வேறு. குருநாகல் தாண்டி வெயில் முகத்தில் அடிக்கும் நேரத்தில் அவருடைய கண் சொருகுவதை நான் பக்கத்து ஆசனத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் இரண்டு ஓட்டுநர்களைக் கேளுங்கள், இல்லாவிட்டால் அவர் முதல் நாளே போய் நீர்கொழும்புப் பக்கம் ஓர் அறையில் தூங்குவதற்குக் காசு கொடுங்கள். மூன்று கிழமைச் செலவில் அந்த அறைக் காசு ஒன்றுமே இல்லை. இரவு ஓட்டம் என்றால் ஹபரணை, மின்னேரியாப் பக்கமும், பிறகு வெலிகந்தை, புனாணைப் பக்கமும் யானை வீதிக்கு வரும். கறுப்பு வீதியில் கறுத்த யானை, கடைசி இருபது மீட்டரில்தான் கண்ணுக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போன மீனகயா ரயில் ஹபரணைப் பக்கத்தில் மோதி ஆறு யானைகள் இறந்துபோன செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். நள்ளிரவில் இறங்குகிறவர்கள் நீர்கொழும்பில் தங்கிவிட்டு விடிந்த பிறகு புறப்படுங்கள்.

அந்த வானில் இன்னொரு பிரச்சினையும் வருகிறது. கூப்பிடப் போகிறோம் என்று மாமி, சித்தப்பா, இரண்டு குழந்தைகள், பக்கத்து வீட்டுத் தம்பி எல்லோரும் ஏறிப் போய்விடுகிறார்கள். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெளியே வருகிறவர்களிடம் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி, மொத்தம் எட்டு, வைக்க இடமில்லை. மடியில் பெட்டியோடு ஏழு மணி நேரம் வந்தவர் எந்தப் படகில் ஏறுவார்? போகிறவர்கள் இரண்டு பேர் போதும், மற்றவர்கள் வீட்டில் சமைத்து வைத்திருங்கள். சில்லுப் பெட்டியோடு நேரே படகடிக்கு வருவதும் வேண்டாம். நம் பைபர் படகுகளுக்குப் பெரும்பாலும் இறங்குதுறை கிடையாது, மணலில் நடந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். பெட்டியை அறையில் வைத்துவிட்டு ஒரு சின்னப் பையோடு வாருங்கள். மாற்று உடுப்பு, மருந்து, பவர் உள்ள நீச்சல் கண்ணாடி, டோர்ச், மின்கலம் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும், பெட்டி பிந்தினாலும் மறுநாள் காலை கெடாது.

இடத்தின் பெயரில் வரும் குழப்பம் சின்னதாகத் தெரியும், ஆனால் நேரத்தைத் தின்றுவிடும். "மட்டக்களப்பில் படகு" என்று இணையத்தில் பதிந்தவருக்குப் படகு பாசிக்குடாவில் நிற்கும், ஓட்டுநர் நகரத்துக்கு வந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றுகொண்டு "எங்க போகணும்?" என்று கேட்பார். பாசிக்குடா நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர், நீங்கள் வந்த வழியிலேயே வாழைச்சேனையில் திரும்பியிருக்க வேண்டிய இடம். அறுகம்பை அம்பாறை மாவட்டம், மட்டக்களப்பிலிருந்து தெற்கே 100 கிலோமீட்டருக்கு மேல். அறுகம்பைக்குப் போகிறவர் மட்டக்களப்புக்கு வந்து கல்முனை, அக்கரைப்பற்று என்று இறங்கத் தேவையில்லை, கட்டுநாயக்காவிலிருந்து தெற்கு அதிவேக வீதியைப் பிடித்து மத்தள வரை ஓடி, அங்கிருந்து மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் என்று போகலாம். 2020இல் அந்த வீதி அம்பாந்தோட்டை வரை நீண்டதிலிருந்து அந்தப் பயணம் நன்றாகக் குறைந்துவிட்டது. படகுக்காரரிடம் அவருடைய கரையின் இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அதை அப்படியே ஓட்டுநருக்குத் தட்டிவிடுங்கள்.

ரயிலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மட்டக்களப்புக்கு ரயில் உண்டு, வீதியை விட மெதுவானது, முதலில் கொழும்புக்குப் போக வேண்டும், விமானம் பிந்தினால் பதிந்த ஆசனம் போய்விடும். திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலேயே, திமிலைத்தீவில், விமான நிலையம் இருக்கிறதே என்றும் கேட்பார்கள். அங்கே வருவது சின்ன விமானம், உங்கள் நாளில் ஓடுகிறதா, எத்தனை கிலோ பொதி விடுவார்கள் என்று கேட்டு உறுதிப்படுத்தாமல் அதை நம்பிப் படகு பதியாதீர்கள்.

தொலைபேசி விஷயத்தில் எல்லோரும் ஒரே மாதிரித் தவறுகிறார்கள். படகுக்காரரிடம் கொடுத்திருப்பது சுவிஸ் இலக்கம், அதை விமானத்தில் அணைத்தவர் வீடு வந்து வைபை கிடைக்கும்வரை திறப்பதில்லை. காற்று மாறிவிட்டது, வர வேண்டாம் என்று அவர் பத்துத் தடவை அழைத்திருப்பார். வெளியே வரும் மண்டபத்திலேயே சிம் விற்கிறார்கள், வாங்கிப் போட்டு அவருக்கு ஒரு குரல் கொடுங்கள். ஊரில் இருக்கும் ஒருவருடைய இலக்கத்தையும் அவரிடம் கொடுத்து வையுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் சிலருக்கு வந்த அன்றே தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும், அம்மம்மாவைப் பார்த்த கையோடு வாவியையும் பார்க்க வேண்டும். அவர்களுக்கு நான் கடலை விட்டு வாவியைக் காட்டுகிறேன். விடியற்காலை இறங்கும் விமானம் என்றால் பகல் இரண்டு மணிக்குள் ஊர் வரலாம், குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, 5 மணிக்கு வாவியில் ஒரு சுற்று. பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம், கண்டல் மரங்களுக்கு நடுவே மெதுவாகப் போகலாம், பிந்தினாலும் எவருக்கும் ஆபத்தில்லை. பூரணையை ஒட்டிய நாள் என்றால் இன்னும் நல்லது, இரவில் கல்லடிப் பாலத்தடியில் எஞ்சினை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறு நுனியில் காதை வைத்துக் கேளுங்கள். பாடும் மீன்களின் ஊர் என்று எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்த ஒலி எல்லா இரவும் கிடைக்காது. கிடைத்தால் பயணக் களைப்பு அப்படியே இறங்கிவிடும்.

சுழியோட, அதாவது கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்க, வருகிற பிள்ளைகளிடம் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் கடலில் 50 மீட்டருக்கு மேல் ஆழத்தில் கிடக்கிறது. சாதாரண உல்லாசச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீட்டர், ஆகவே ஹெர்மிஸ் தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உடல் வரண்டு, தூக்கம் கெட்டு, ஏழு மணி நேரம் வானில் குலுங்கி வந்தவர் மறுநாள் கூட அதற்குப் போகக் கூடாது. உடலில் தண்ணீர் குறைந்திருப்பது சுழியோடிக்கு நல்லதல்ல. முதலில் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு முறை இறங்கிப் பாருங்கள், அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கத்தில் 20 மீட்டர் சொச்சத்தில்தான் கிடக்கிறது. திரும்பிப் போகும்போதும் கணக்குப் பாருங்கள்: ஒரே ஒரு சாதாரண இறக்கம் என்றால் விமானம் ஏற முன் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18, அமுக்கம் குறைக்க இடையில் நின்று ஏறிய ஆழ இறக்கம் என்றால் அதற்கும் அதிகம்.

ஏற முன் உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், சிறு பிள்ளைக்குப் பெரியவரின் அங்கி உதவாது. கேட்பது மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் கொத்து ரொட்டியும் இறைச்சிக் கறியும் அடித்துவிட்டு ஏறினால் சத்தி நிச்சயம், இரண்டு இடியப்பமும் இஞ்சித் தேநீரும் போதும்.

படகுக்காரரோடு இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான். நீங்கள் வரும் திகதியை அவருக்கு முன்பே சொல்லுவோம், ஆனால் நாள் குறிப்பது நீங்கள் வீடு வந்து சேர்ந்த பிறகுதான். எங்களால் தவறினால் எண்ணெய்க் காசும் ஒரு நாள் கூலியும் கொடுப்போம், காற்றால் தவறினால் முற்பணம் அடுத்த நாளுக்கு நிற்கும். இரவு 8 மணி போல அவரே அழைப்பார். காற்றைப் பார்த்துவிட்டு, ஒன்றில் இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்பார், இல்லாவிட்டால் விடியற்காலை ஐந்தரைக்குக் கரையில் நில்லுங்கள் என்பார்.